கேரவன் ஹீட்டரில் புகை வாடை: தலைவலியை முதலில் பாருங்கள்

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் வேலூர் சத்துவாச்சாரி. பழைய ஃபோர்ஸ் டிராவலர் ஒன்றை வாங்கி, ராணிப்பேட்டை பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்துக் கேரவனாக மாற்றினோம். பின்பக்க பெஞ்சுக்கு அடியில் 5 கிலோவாட் சீன டீசல் ஹீட்டர். அதோடு வந்த 10 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் பக்கத்து அலமாரிக்குள் இருக்கிறது. எக்ஸாஸ்ட் பைப் வண்டிக்கு அடியிலேயே, ஏறும் கதவுக்குக் கிட்டத்தில் முடிகிறது. வண்டி சும்மா நிற்கும்போதே உள்ளே டீசல் வாடை. ஏலகிரியில் ஹீட்டர் போட்டபோது ஆரம்பத்தில் மட்டும் வெள்ளைப்புகை வந்து நின்றுவிட்டது. ஊட்டியில் கரும்புகை, ராத்திரி முழுக்கக் கண் எரிச்சல். காலையில் மனைவிக்கும் மாமியாருக்கும் தலைவலி, எனக்குக் குமட்டல். இறங்கி நடந்ததும் சரியாகிவிட்டது. ஆக்சிமீட்டரில் மூன்று பேருக்கும் 97, 98 காட்டியதால் பயப்படவில்லை. "புது மெஷின், நாலு தடவை ஓடினா வாடை போயிடும்" என்கிறார் பட்டறைக்காரர். அடுத்த மாதம் கொடைக்கானல் போகிறோம். என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம். முதல் வேலையாக ஹீட்டரின் ஃபியூஸைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். கீழே சொல்லும் வேலைகள் முடியும்வரை, அந்த வண்டியில் யாரும் ஹீட்டர் போட்டுத் தூங்கக் கூடாது.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் வாடை இல்லை, நீங்கள் போகிற போக்கில் எழுதிய தலைவலி. ஒரே இடத்தில் தூங்கிய மூன்று பேருக்கும் ஒரே காலையில் தலைவலியும் குமட்டலும் வந்து, வெளிக்காற்றில் நடந்ததும் விட்டுப்போகிறது என்றால், வேறு எதையும் யோசிக்கும் முன் கார்பன் மோனாக்சைடைத்தான் சந்தேகப்பட வேண்டும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. நீங்கள் முகர்ந்தது சரியாக எரியாத டீசலின் வாடை. புகை உள்ளே வருகிறது என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான். வாடை குறைந்தால் விஷம் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கார் பெர்ஃப்யூம் தொங்கவிடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். இருக்கிற ஒரே எச்சரிக்கையையும் அது மூடிவிடும்.

ஆக்சிமீட்டர் விஷயம் பலரையும் ஏமாற்றுகிறது. விரலில் மாட்டும் அந்தக் கருவி ரத்தத்தின் நிறத்தை ஒளி விட்டுப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினும், ஆக்சிஜன் ஒட்டிய ஹீமோகுளோபினும் அதன் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆள் மயங்கும் நிலையில் இருந்தாலும் 97 காட்டும். இனி எப்போதாவது இதே அறிகுறி வந்தால் எல்லோரும் உடனே இறங்குங்கள், 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரியில் "கார்பன் மோனாக்சைடு சந்தேகம், கார்பாக்சிஹீமோகுளோபின் பாருங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். தாமதிக்கவும் வேண்டாம். சாதாரணக் காற்றில் 4, 5 மணி நேரத்தில், ரத்தத்தில் இருக்கும் அந்தக் கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினின் அளவு பாதியாகிவிடும். மலையிறங்கி ஊர் வந்து சோதித்தால் ஒன்றுமே தெரியாமல் போகலாம். வயதானவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் இதைக் குறைவாகவே தாங்குவார்கள். மாமியார் உங்களோடு வருகிறார் என்பதை மறக்க வேண்டாம்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். அங்கே ஹீட்டர் இல்லை, ஜெனரேட்டர். ஆனால் அதன் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று ஆய்வு செய்தவர்கள் கண்டார்கள். எந்த இயந்திரத்தின் புகையானாலும் உள்ளே வரும் வழி இருந்தால் முடிவு ஒன்றுதான்.

உங்கள் ஹீட்டரின் உள்ளே இரண்டு காற்றோட்டங்கள் உண்டு. ஒன்று, வெளியிலிருந்து சிறிய பைப் வழியாக வந்து, டீசலோடு எரிந்து, எக்ஸாஸ்ட் வழியாக வெளியே போவது. இன்னொன்று, நீங்கள் சுவாசிக்கும் காற்று. ஃபேன் அதை அலுமினியத் தகடுகளின் மேல் ஓட்டிச் சூடாக்கி உள்ளே விடுகிறது. இந்த இரண்டும் எங்குமே கலக்கக் கூடாது. எரிப்புக்கான காற்றை வண்டிக்குள்ளிருந்து இழுக்கும்படி சில பட்டறைகளில் பொருத்திவிடுகிறார்கள். அந்தக் கருப்பு நெளிபைப்பும் தரைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். முதலில் அதைக் குனிந்து பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் மூன்று வெவ்வேறு கோளாறுகள் கலந்து கிடக்கின்றன. தனித்தனியாகப் பார்ப்போம்.

ஹீட்டர் ஓடாதபோதும் வரும் டீசல் வாடைக்கும் எரிப்புக்கும் சம்பந்தமே இல்லை. அது அலமாரிக்குள் இருக்கும் டேங்க்கின் வேலை. அதன் மூடியில் காற்று வாங்க ஒரு துளை இருக்கும். இல்லாவிட்டால் பம்ப் டீசலை இழுக்காது. விடியற்காலை 25 டிகிரியில் கழுத்துவரை நிரப்பிய 10 லிட்டர், மதியம் 45 டிகிரிக்குச் சூடேறினால் சுமார் 160 மில்லி விரியும். ஏறக்குறைய ஒரு டம்ளர் டீசல் மூடி வழியாக வழியும். வேலூர் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் 45 டிகிரி என்பது சாதாரணம். அதைவிட முக்கியம், நம் நாட்டுத் தரவிதிப்படி டீசல் ஆவி பொறிபட்டால் பற்றும் வெப்பநிலைக்குக் கீழ்வரம்பு 35 டிகிரிதான். அந்த அலமாரிக்குள் பொறி பற்றக்கூடிய ஆவி நிற்க வாய்ப்பிருக்கிறது. டேங்க்கை உள்ளே வைத்துச் சமாளிக்க எந்த வழியும் இல்லை. வெளியே எடுத்தே ஆக வேண்டும். வண்டி டேங்க்கிலேயே தனிக் குழாய் இறக்கி எடுப்பது நல்லது. குழாயின் நுனி டேங்க்கின் அடியிலிருந்து 5 சென்டிமீட்டராவது உயர இருக்கட்டும். அடிமண்டி ஏறாது, வண்டி ஓட்டவும் டீசல் மிஞ்சும்.

டேங்க்கை எடுத்த பிறகும் வாடை இருந்தால் லைனைப் பாருங்கள். பம்பின் இருபக்க ஜாயின்ட்டுகளையும் துடைத்துக் காயவைத்து முகப்பவுடர் தூவிவிட்டு, ஹீட்டரைத் திறந்தவெளியில் அரை மணி ஓட்டுங்கள். கசியும் இடத்தில் பவுடர் ஈரமாகிக் கருக்கும். கிட்டுடன் வரும் பச்சை அல்லது நீல மெல்லிய ஓஸ் கொஞ்ச காலத்தில் ஊறித் தளர்ந்துவிடும். அதை எறிந்துவிட்டு, உள்விட்டம் 2 மில்லிமீட்டருக்கு மிகாத கெட்டியான நைலான் குழாய் போடுங்கள். ரப்பர் ஜாயின்ட்டுக்குள் இரண்டு குழாய்களின் நுனியும் ஒன்றோடொன்று முட்டி நிற்க வேண்டும். இடைவெளி விட்டால் அங்கே காற்றுக்குமிழ் சேர்ந்து, டீசல் விட்டுவிட்டுப் போகும். டீசல் ஊறிய பிளைவுட்டில் மரத்தூளை ஒருநாள் பரப்பி வைத்து அள்ளிவிட்டுப் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரால் கழுவலாம். ஆழமாக ஊறியிருந்தால் அந்தப் பலகையை மாற்றுவதே மேல்.

கண் எரிச்சலுக்கு வருவோம். இதுதான் தலைவலியின் வேர்.

எக்ஸாஸ்ட் வண்டிக்கு அடியில் முடிவதுதான் பெரிய தவறு. வண்டி ஓடும்போது காற்று அடித்துக்கொண்டு போய்விடும். இரவில் காற்றில்லாமல் நிற்கும்போது அந்தப் புகை தரைக்கும் தளத்துக்கும் நடுவில் தேங்கி, தரையில் உள்ள ஒவ்வொரு ஓட்டையையும் தேடி ஏறும். பைப்பை ஏறும் கதவுக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது டிரைவர் பக்கமாக, பாடியின் விளிம்புவரை கொண்டு வாருங்கள். வாய் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ சாய்ந்திருக்கட்டும், முன்நோக்கி வேண்டாம். மேலே ஜன்னல் இருந்தால் ஹீட்டர் ஓடும்போது அது மூடியே இருக்க வேண்டும். எரிப்புக்காற்று உள்ளே போகும் வாய்க்கும் எக்ஸாஸ்ட் வாய்க்கும் நடுவே ஓரடிக்கு மேல் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் விட்ட புகையையே ஹீட்டர் மறுபடி குடித்துக் கரி கட்டும். மொத்த நீளம் 2 மீட்டருக்குள் இருக்கட்டும், வாய்ப்பக்கம் சரிவாக. நடுவில் தொய்வு தவிர்க்க முடியாவிட்டால், அந்தப் பள்ளத்தில் 4 மில்லிமீட்டர் துளை போடுங்கள், நீர் வடியட்டும். கிட்டோடு வரும் சின்ன சைலன்சரிலும் அப்படி ஒரு துளை இருக்கும், அதன் மடிப்பும் கொஞ்சம் கசியும். ஆகவே சைலன்சர் எப்போதும் தரைக்கு வெளியேதான்.

பைப்பின் தரத்தையும் சோதியுங்கள். ஹீட்டரிலிருந்து கழற்றி, ஒரு முனையை அடைத்து, பஞ்சர் கடைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, மறுமுனையில் லேசாகக் காற்று விடுங்கள். ஓரிடத்தில் மட்டும் குமிழ் வந்தால் அங்கே விரிசல். நீளம் முழுக்கக் குமிழ் வந்தால், அது தகட்டுப் பட்டையைச் சுருட்டிக் கொக்கியிட்ட வகை. புதிதாக இருந்தாலும் அது காற்றுப் புகாததல்ல. ஒரே குழாயை நெளித்துச் செய்த ஸ்டெயின்லெஸ் வகை வாங்கி மாற்றுங்கள். பொதுவாக 24 மில்லிமீட்டர் விட்டம். பழைய பைப்பைக் கையோடு கொண்டு போய் அளவு பார்த்து வாங்குங்கள்.

ஹீட்டரோடு சேரும் ஜாயின்ட்டில் எம்-சீலோ சிவப்பு சிலிக்கானோ வைத்து அடைத்திருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். அந்த இடத்தின் சூட்டில் இரண்டும் கருகி, தானே ஒரு வாடையைக் கிளப்பி, கடைசியில் உதிர்ந்தும் போகும். அங்கே எக்ஸாஸ்ட்டுக்கென்றே விற்கும் புட்டிப் பசையும் முழுவட்டமாக இறுகும் கிளாம்ப்பும் வேண்டும். சிலிக்கானுக்கு வேறு இடம் இருக்கிறது: ஹீட்டரின் அடித்தட்டு வண்டித் தரையில் உட்காரும் சுற்று. அங்கே பேக்கிங் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா, தட்டுக்குக் கீழே பிளைவுட்டைப் பைப் தொடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்தது யாரும் கவனிக்காத ஒன்று, கூரை எக்ஸாஸ்ட் ஃபேன். சமையல் முடிந்தும் அதை ஓடவிட்டு, ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் படுத்தால், ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். தரை ஓட்டைகள் வழியாக, அதாவது நேராகப் புகை தேங்கிய இடத்திலிருந்து வரும். சோதிக்க ஒரு ஊதுபத்தி போதும். டீசல் டேங்க்கையும் கேஸ் சிலிண்டரையும் வெளியே எடுத்து, வண்டியை ஒருநாள் முழுக்கத் திறந்து காற்றாட விட்ட பிறகே இதைச் செய்யுங்கள். ஹீட்டர் அணைந்திருக்கட்டும். ஃபேனைப் போட்டு, கதவு ஜன்னல் சாத்தி, ஒயர் போகும் ஓட்டை, தண்ணீர்க் குழாய் இறங்கும் ஓட்டை, பேட்டரிப் பெட்டி, கியர் லீவர் அடி, கதவின் கீழ் ரப்பர் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் பத்தியைப் பிடியுங்கள். புகை நேராக எழும்பாமல் உள்பக்கம் விசிறியடித்தால் அங்கே காற்று ஏறுகிறது. சூடில்லாத ஓட்டைகளை ரப்பர் வளையமும் (கிராமெட்) சிலிக்கானும் வைத்து அடையுங்கள். கேஸ் அடுப்புக்காகத் தரை மட்டத்தில் விட்டிருக்கும் வெண்ட்டை மட்டும் அடைக்கக் கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே இறங்கித்தான் வெளியேற வேண்டும். எக்ஸாஸ்ட்டை அந்த வெண்ட்டிலிருந்து முடிந்த அளவு தள்ளி வையுங்கள். ஹீட்டர் ஓடும் இரவில் கூரை ஃபேனை அணைத்து, எக்ஸாஸ்ட்டுக்கு எதிர்ப்பக்க ஜன்னல் ஒன்றை இரண்டு விரல்கடை திறந்து வைத்துப் படுங்கள்.

மூன்றாவது, எரிப்பு. ஏலகிரியில் தொடக்கத்தில் மட்டும் வந்த வெள்ளைப்புகை, பற்றிக்கொள்ளாமல் ஆவியாகிப் போன டீசல். முதல் சில விநாடிகள் லேசாக வந்தால் பொருட்படுத்த வேண்டாம். நிமிடக்கணக்கில் வந்தால், டீசலைப் பற்றவைக்கும் குளோ பிளக்குக்கு மின்சாரம் போதவில்லை, அல்லது அதைச் சுற்றியுள்ள சின்னக் கம்பிவலை கரியால் அடைத்திருக்கிறது. பிளக் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். போக வர 12 மீட்டர் ஓடும் 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரில் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதே தூரத்தில் 4 ஸ்கொயர் ஒயரில் அரை வோல்ட்தான் குறையும். ஸ்டார்ட் ஆகும்போது ஹீட்டர் சாக்கெட்டிலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள். 11.5-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியிலிருந்து நேராக 4 ஸ்கொயர் ஒயர் இழுங்கள். கம்பிவலை விலை குறைவான சாமான். துடைத்து மறுபடி போடாமல் புதிதே மாற்றுங்கள்.

ஊட்டியின் கரும்புகைக்கு உயரமும் ஒரு காரணம். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர், ஊட்டி 2,240. ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு. பம்ப் மட்டும் வேலூரில் தள்ளிய அதே அளவு டீசலைத் தள்ளிக்கொண்டிருக்கும். டீசல் மிகுந்து காற்று குறைந்தால் கரி, கரும்புகை, கூடவே கார்பன் மோனாக்சைடு. 1,500 மீட்டர் வரை கவலையில்லை, 1,500 முதல் 2,200 வரை கொஞ்ச நேரம் ஓட்டலாம், அதற்கு மேல் சரிசெய்யாமல் ஓட்டக் கூடாது என்பதுதான் வெபாஸ்டோ போன்ற நல்ல கம்பெனிகளின் அறிவுரையே. உங்கள் கண்ட்ரோலரில் உயரத்துக்கான அமைப்பு இருந்தால் மலையில் அதைப் போடுங்கள். சிலவற்றில் பம்பின் துடிப்பு வேகத்தைக் கையால் குறைக்கலாம். தெரிந்தவர் ஒருவர், எக்ஸாஸ்ட் புகையைப் பார்த்துக்கொண்டே செய்யவேண்டிய வேலை அது. வீடியோ பார்த்து நடு ராத்திரியில் பொத்தானை அழுத்திப் பார்ப்பதல்ல. ஊட்டியில் ஓட்டியதில் எரியறையில் இப்போதே கரி படிந்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து, எரியறையின் பேக்கிங்குகளைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

இரவு முழுக்க மிகக் குறைந்த அளவில் ஓட்டுவதும் கரி பிடிக்க வைக்கும். அணைக்கும் முன் 20 நிமிடம் முழு வேகத்தில் ஓட்டுங்கள். அணைத்தபின் ஃபேன் சில நிமிடம் ஓடித் தானே நிற்கும். அதற்குள் மெயின் சுவிட்சை அணைத்தால் உள்ளே மிச்சமுள்ள புகை வெளியேறாமல் தேங்கும், பாகங்களும் சூட்டில் கெடும்.

பட்டறைக்காரர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. புது ஹீட்டரின் பெயின்ட்டும் எண்ணெய்ப் பிசுக்கும், எக்ஸாஸ்ட்டில் சுற்றும் நார்த்துணியும் முதல் ஓரிரு மணி நேரம் வாடை தரும். மாதக்கணக்கில் கிடந்த ஹீட்டரில் தூசியும், சூடான காற்று வரும் குழாயில் (டக்ட்) செத்த பல்லியும் கருகும் வாடை வரும். அவை கண்ணை எரிக்காது, மூன்று பேருக்குத் தலைவலி தராது.

எல்லாம் முடிந்தும் சூடான காற்று வரும் வாயிலிருந்தே புகை வாடை வந்தால், உள்ளே அலுமினியக் கூடு விரிசல் விட்டிருக்கிறது. வெல்டிங் வேண்டாம், அந்த ஹீட்டரைத் தூக்கிப் போடுங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் இனி ஹீட்டரைத் தொடாதீர்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 50291 முத்திரை, அதிலும் வாகனங்களுக்கான 50291-2 இருந்தால் நல்லது. எலக்ட்ரோகெமிக்கல் சென்சார், எண் காட்டும் திரை. கேஸ் லீக் அலாரமும் புகை அலாரமும் இதைக் கண்டுபிடிக்காது. படுத்தால் தலை இருக்கும் உயரத்தில், ஹீட்டரிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தூரத்தில் மாட்டுங்கள். டெஸ்ட் பொத்தான் ஒலியையும் மின்சுற்றையும் மட்டுமே சோதிக்கும். சென்சாருக்கு ஆயுள் உண்டு, பின்னால் அச்சிட்ட தேதியைப் பார்த்து மாற்றுங்கள். அந்தத் தரப்படி, காற்றில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) கார்பன் மோனாக்சைடு இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள், 300 இருந்தால் 3 நிமிடத்துக்குள் அலாரம் அடிக்கும். சில மாடல்கள் 30-க்குக் கீழே இருந்தால் திரையில் 0 என்றே காட்டும். அதனால் சிறிய அளவையும் காட்டும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் திறந்தவெளியில் நிறுத்தி, அலாரத்தைப் படுக்கையில் வைத்து, யாரும் உள்ளே இல்லாமல் ஜன்னல்களை முழுக்கச் சாத்தி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். கண்ணாடி வழியாகத் திரையைப் படியுங்கள். 0 தவிர வேறு எந்த எண் வந்தாலும் வேலை மிச்சம் இருக்கிறது.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். அடுத்த மாதத்துக்குள் இவ்வளவும் முடியாது என்றால் ஹீட்டரை மறந்துவிடுங்கள். 230 வோல்ட் இணைப்பு கிடைக்கும் இடத்தில் தங்கி, 1,000 வாட் ஆயில் ரேடியேட்டர் ஒன்றை வையுங்கள். 4 ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும். அந்த இடத்துக்கு அது தாராளம். கரி அடுப்பை மட்டும் உள்ளே கொண்டு போகாதீர்கள், அணையும் கங்கும் அதே விஷத்தைத்தான் விடும். ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ என்றால், என் கணிப்பில், ஆளுக்கு இரண்டு கம்பளி போதும்.

ஊருக்குத் திரும்பிய பின் மாதம் ஒருமுறை, கத்திரி வெயிலானாலும், கதவுகளைத் திறந்து வைத்து 20 நிமிடம் முழு வேகத்தில் ஓட்டுங்கள். டீசல் லைனில் தேங்கிக் கெடாது. நம் பக்கம் சும்மா கிடக்கும் பைப்பில் குளவி மண்கூடு கட்டிவிடும், உள்ளிழுக்கும் பைப்பில் கட்டினால் கரும்புகைக்கு அதுவே போதும். இரண்டு வாய்க்கும் மூடி போட்டு வையுங்கள். மூடி போட்டிருப்பது மறக்காமலிருக்க, ஹீட்டர் சுவிட்சில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள்.